ஒரே கோப்பு, இரண்டு நகல்: தமிழ் விசைப்பலகை, பிழைதிருத்திக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

விசைப்பலகைத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கும் பிழைதிருத்தித் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் இவ்வளவு நாள் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும். ஒரு பக்கம் சொன்னது மறுபக்கம் போய்ச் சேராது.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். பகலில் ஆண்டர்சன் தெருவில் ஓர் அச்சகத்தில் டிடிபி வேலை. இரவில் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து, உங்கள் இரண்டு ரெப்போக்களில் (நிரல் சேமிப்பகங்களில்) ஏதாவது ஒன்றில் கமிட், அதாவது ஒரு திருத்தத்தைப் பதிவது. வேறுவேறு விதமாகத் தட்டிய தமிழ் எழுத்தை ஒரே சீராக்கும் அந்த சி மொழிக் கோப்பை 2019இல் விசைப்பலகைக்காக முதலில் எழுதியவன் நான்தான். 2021இல் பிழைதிருத்தி அதை எடுத்துக்கொண்டபோது ரொம்பச் சந்தோஷப்பட்டேன். எழுதியது இன்னொரு இடத்திலும் பயன்படுகிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனால் எடுத்துக்கொண்டது நகலாக. அந்த நகலைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்குச் சான்றிதழ் அச்சடிக்கும் வேலை எங்களுக்கு வந்தது. மாணவிகளின் பெயர்ப் பட்டியலை ஓர் ஆசிரியை தன் போனிலேயே தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அவர் போனில் இருந்தது நம் விசைப்பலகை. யாருக்கு எந்தப் பரிசு என்பது இன்னொரு பட்டியல். அதைப் பள்ளி அலுவலகத்தில் கணினியில் அடித்து, நம் பிழைதிருத்தியில் ‘எல்லாவற்றையும் சரிசெய்’ கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் பெயரை வைத்து இரண்டையும் இணைத்து, மெயில் மெர்ஜ் (பட்டியலில் இருப்பதைச் சான்றிதழில் தானாக நிரப்பும் வசதி) போட்டு, அச்சுக்கு விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, கடை சாத்தும் நேரத்தில் ஒரு அம்மா மகளோடு வந்து நின்றார். கேரம் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய பெண். சான்றிதழில் பெயர் இருந்தது, பரிசு இருக்க வேண்டிய கோட்டில் ஒன்றும் இல்லை. “பேரு இருக்கு, ஜெயிச்சது இல்லையே தம்பி” என்றார் அந்த அம்மா. பெண்ணின் பெயரை இங்கே சொல்ல வேண்டாம், கௌரி என்று வைத்துக்கொள்வோம். அவளைப் போலவே இன்னும் இரண்டு பேர். மூவர் பெயரிலும் ஔகாரம்.

மூன்று சான்றிதழையும் அன்றைக்கே திருப்பி அடித்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம் இரண்டு பட்டியலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எழுத்துக்கும் குறிக்கும் கணினி வைத்திருக்கும் யூனிகோட் குறியெண்களாகப் பிரித்த பிறகுதான் புரிந்தது. கணினியில் அடித்த பட்டியலில் அந்தப் பெயருக்கு நான்கு குறியெண்கள்: க, ஔகாரக் குறி, ர, இகரக் குறி. போனில் தட்டிய பட்டியலில் ஐந்து: க, எகரக் கொம்பு, ள, ர, இகரக் குறி. ஔகாரக் குறியின் வலது பாதியும் ளகரமும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவம் என்பதால் இரண்டும் அச்சில் ஒன்றுபோலவே நிற்கும். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். மெர்ஜ் ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை என்று பரிசுக் கோட்டைக் காலியாக விட்டுவிட்டது.

அந்த ஆசிரியை எப்படித் தட்டுகிறார் என்று பிறகு ஒருநாள் பார்த்தேன். ககரத்தைத் தொட்டார். ஔகாரக் குறியைத் தேடினார், அது நீண்ட அழுத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, கிடைக்கவில்லை. கொம்பைப் போட்டார், ளகரத்தைப் போட்டார், “வந்துடுச்சு” என்றார். அவர் மீது ஒரு தப்பும் இல்லை. ஔவையார் பெயரையே ஒகரமும் ளகரமுமாக அடிப்பதைத் தினமும் அச்சகத்தில் பார்க்கிறேன்.

இதைச் சரிசெய்யத்தான் அந்தக் கோப்பில் ஒரு விதி வைத்திருந்தேன். கொம்புக்குப் பின்னால் ளகரம் வந்து, ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லை என்றால், இரண்டையும் சேர்த்து ஔகாரமாக்கு. புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே. ஆகவே ‘தெளிவு’ தப்பித்தது, ‘வெள்ளம்’ தப்பித்தது, காசிமேட்டுக் கெளுத்தி மீனும் தப்பித்தது. ஆனால் நாம் தினம் பேசும் பேச்சை நான் யோசிக்கவில்லை. ‘கெளம்பு’ என்று எழுதினால் அதில் ளகரம் வெறுமனே நிற்கிறது. ‘கெளப்பு’, ‘வெளங்காது’, ‘வெளக்கமாறு’, எல்லாம் அப்படியே. ஒகரத்துக்கும் இதே விதி என்பதால் ‘ஒளறாதே’யும் மாட்டிக்கொண்டது. பேச்சுத் தமிழில் கதை எழுதும் ஒருவர், தன் கோப்பில் ‘கெளம்பு’ என்று தேடினால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று இரண்டு திட்டங்களிலும் இஷ்யூ போட்டார். நியாயமான புகார்.

இங்கேதான் பாதை பிரிந்தது. விசைப்பலகைக் குழு அந்த விதியையே எடுத்துவிட்டது. ஒருவர் எந்த விசையைத் தொட்டார் என்பது விசைப்பலகைக்குத் தெரியும், அவர் தொட்டதை நாம் ரகசியமாக மாற்றக் கூடாது என்பது உங்கள் வாதம். சரியான வாதம். பிழைதிருத்திக் குழு விதியை வைத்துக்கொண்டு, விதிவிலக்குச் சொற்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தது. பிழைதிருத்திக்கு விசை தெரியாது, முடிந்த எழுத்து மட்டும்தான் கண்ணில் படும், அதனிடம் அகராதி இருக்கிறது, ஆகவே சொல் பார்த்து முடிவெடுக்கலாம். அதுவும் சரி. இரண்டு பேரும் நன்றாக யோசித்து நல்ல திருத்தம் செய்தீர்கள். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இரண்டு நல்ல திருத்தங்களுக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் பரிசு விழுந்துவிட்டது.

வண்ணாரப்பேட்டையின் பழைய சந்துகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு பொதுச்சுவர் இருக்கும். எங்கள் வீட்டுக்கும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அவர் பக்கம் ஓதம் அடிக்கிறது என்று சிமென்ட் பூசினார். அழகாகப் பூசினார். அந்த மழைக்காலத்தில் ஈரம் முழுவதும் எங்கள் பக்கம் வந்து, அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் சுண்ணாம்பு பெயர்ந்து கொட்டியது. அவர் மீது யாருக்கும் கோபம் இல்லை. பூசுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்துப் பூசியிருப்போம்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நீளக் கடிதமா என்று சிலருக்குத் தோன்றலாம். நகல்களால் வந்த வினை சின்னதாக இருந்ததில்லை. 2002இல் ஸீலிப் நூலகத்தில் (தரவைச் சுருக்க மற்ற நிரல்கள் பயன்படுத்தும் பொது நிரல்) ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஒரே நினைவகத்தை இரண்டு முறை விடுவிக்கும் பிழை. நூலகத்தைத் திருத்தியதோடு வேலை முடியவில்லை, ஏனென்றால் ஏகப்பட்ட நிரல்கள் அதை நகலெடுத்துத் தமக்குள்ளேயே வைத்திருந்தன. ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் தனியாகத் திருத்த வேண்டி வந்தது. 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் நூலகத்தில் ஓட்டை வந்தபோதும் இதே கதைதான். குரோம், ஃபயர்பாக்ஸ் என்று ஆளாளுக்குத் தங்கள் நகலைப் புதுப்பித்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதை உண்டு. திரையில் ‘கொ’ என்று காட்ட வேண்டுமானால் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் போய் நிற்க வேண்டும். அதைச் செய்வது எழுத்தை வடிவமைக்கும் நிரல். அந்த நிரல் முதலில் எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப் திட்டத்தில் இருந்தது. லினக்ஸ் திரைச் சூழல்களில் ஒன்றான நோம் உலகத்தின் பாங்கோ அதை ஒரு நகல் எடுத்தது, இன்னொரு சூழலான கேடீஈ உலகம் நம்பியிருந்த க்யூட்டி இன்னொரு நகல் எடுத்தது. இரண்டும் தனித்தனியாக வளர்ந்தன, தனித்தனியாகத் திருத்தப்பட்டன. அதன்பின் இரண்டு பக்கத்தாரும் உட்கார்ந்து அதை ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திட்டமாக்கினார்கள். நிரலாளர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் பிற்பாடு அதை அடியிலிருந்து புதிதாக எழுதினார். இன்றைக்கு ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. லிப்ரெஓபிஸ் அலுவலகச் செயலித் தொகுப்பும் 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் அதற்கு மாறிவிட்டது. தமிழ் எழுத்து அதில் ஒரு இடத்தில் சரியானால் இத்தனை இடத்திலும் சரியாகிறது. போட்டி போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெரிய கூட்டங்களால் இதைச் செய்ய முடிந்தது. நம் இரண்டு குழுவிலும் பாதிப் பேர் வட சென்னைக்காரர்கள். பெரம்பூருக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவில் பஸ்ஸில் அரைமணி நேரம், ரயில்வே கேட் போட்டிருந்தால் கொஞ்சம் கூட.

இப்போது நான் கேட்பதற்கு வருகிறேன்.

கோப்புக்கு ஒரே ஒரு வீடு வேண்டும். மூன்றாவதாக ஒரு தனி ரெப்போ தொடங்கலாம் என்று சிலர் சொல்வீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், இப்போது வேண்டாம் என்கிறேன். இரண்டு ரெப்போவைப் பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. மூன்றாவது ஒன்றை யார் பார்ப்பார்கள்? யாருடையதும் இல்லாத ரெப்போ ஆறு மாதத்தில் தூசி படிந்துவிடும்.

வீடு விசைப்பலகை ரெப்போவாக இருக்கட்டும். நான் அந்தப் பக்கத்து ஆள் என்பதால் சொல்லவில்லை, காரணம் உரிமம், அதாவது நிரலைப் பிறர் எப்படி எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. விசைப்பலகை எம்ஐடி உரிமத்தில் இருக்கிறது, பிழைதிருத்தி ஜிபிஎல் மூன்றில் இருக்கிறது. எம்ஐடியில் எழுதியதை ஜிபிஎல் திட்டம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஜிபிஎல்லில் எழுதியதை, எழுதியவரின் சம்மதம் இல்லாமல் எம்ஐடிக்குக் கொண்டுவர முடியாது. 2010இல் ஓப்பன்ஓபிஸிலிருந்து லிப்ரெஓபிஸ் பிரிந்து போன பிறகு இதே சங்கடம்தான் வந்தது. அப்பாச்சி ஓப்பன்ஓபிஸில் செய்த திருத்தத்தை லிப்ரெஓபிஸ் எடுத்துக்கொள்ள முடிந்தது, லிப்ரெஓபிஸில் செய்தது அந்தப் பக்கம் திரும்பிப் போக வழியில்லை. தண்ணீர் ஒரு பக்கமாக மட்டும் ஓடும் வாய்க்கால் என்றால், தொட்டியை மேட்டில்தான் வைக்க வேண்டும்.

பிழைதிருத்திக் குழுவின் விதிவிலக்குப் பட்டியல் இப்போது ஜிபிஎல்லில் இருக்கிறது. விசைப்பலகைக்கு அது வேண்டும், எடுக்க முடியாது. பட்டியலில் கை வைத்தவர்கள் மொத்தம் மூன்று பேர். மூவரும் நம்மோடு இன்னும் பேசிக்கொண்டிருப்பவர்கள். எம்ஐடியிலும் வெளியிடச் சம்மதம் என்று மூவரும் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். இதை இப்போதே செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். இன்னும் இரண்டு வருடம் போனால் பத்துப் பேர் கை வைத்திருப்பார்கள், அதில் நான்கு பேரின் மின்னஞ்சல் வேலை செய்யாது.

பிழைதிருத்தி அந்தக் கோப்பை, நிரல் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் சப்ட்ரீ வழியாக எடுத்துக்கொள்ளட்டும். கோப்பை உள்ளே வைக்காமல் அதற்கு ஒரு சுட்டி மட்டும் வைக்கும் சப்மாட்யூல் வேண்டாம் என்பது என் கருத்து. புதிதாக வரும் கல்லூரிப் பிள்ளை ரெப்போவை கிளோன் செய்வான் (தன் கணினிக்கு நகலெடுப்பான்), அந்த அடைவு (கோப்புறை) காலியாக இருக்கும், பில்டு (நிரலைத் தொகுக்கும் வேலை) உடையும், நம்மிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவான். இது நடந்து பார்த்திருக்கிறேன். சப்ட்ரீயில் கோப்புகள் உள்ளேயே இருக்கும், புதுப்பிப்பவர் மட்டும் ஒரு கட்டளையைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

அந்த அடைவில் பிழைதிருத்திக் குழு நேராகக் கை வைக்கக் கூடாது. அவசரம் என்றால் வைக்கலாம், ஆனால் அன்றைக்கே அதே திருத்தம் வீட்டுக்கும் புல் ரிக்வெஸ்ட்டாக (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையாக) வந்துவிட வேண்டும். ஜிசிசி கம்பைலரும் அதோடு பயன்படும் பின்யுடில்ஸ் கருவித்தொகுப்பும் லிபைபர்ட்டி என்ற நூலகத்தை இப்படித்தான் வைத்திருக்கின்றன. ஜிசிசியில் இருப்பது மூலம், மற்ற பக்கம் அதைப் பின்பற்றும். எது மூலம் என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை.

இவ்வளவு சொன்னாலும் மனிதர்கள் மறப்பார்கள், நானும் மறப்பேன். அதற்குக் காவல் வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் உள்ளேயே இருக்கும், வேகத்தை அளக்கும் பெர்ஃப் கருவி, கெர்னலின் தலைப்புக் கோப்புகள் சிலவற்றை நகலாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பில்டிலும் ஒரு ஸ்கிரிப்ட் நகலையும் மூலத்தையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் எச்சரிக்கை போடும். பில்டை நிறுத்தாது. நாமும் தினசரி பில்டில் எச்சரிக்கை மட்டும் போடலாம். ரிலீஸ் செய்யும்போது மட்டும் நிறுத்திவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வது ரிலீஸ்தான்.

பிழைதிருத்தி நண்பர்களின் மனதில் இருக்கும் கவலை எனக்குத் தெரியும். “நம் ரிலீஸ் அவர்கள் கைக்குப் போய்விடும், அவர்கள் ஒப்புதல் தரும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.” ஆகவே விசைப்பலகை நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: அந்த ஓர் அடைவுக்கு மட்டும் பிழைதிருத்திக் குழுவில் இருவருக்குக் கமிட் உரிமை கொடுங்கள். பெயருக்கு அல்ல, திருத்தத்தைக் கோப்பில் சேர்க்கும் (மெர்ஜ் செய்யும்) முழு உரிமை. வீடு உங்களுடையதாக இருக்கலாம், சாவி இரண்டு பேரிடமும் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த ஔகார விதி. இரண்டு பேரும் சரி என்று முன்னாலேயே சொன்னேன், ஆகவே யாருடையதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. விதியைக் கோப்பில் வைத்து, ஒரு தேர்வாக்கிவிடலாம். பிழைதிருத்தி அதை இயக்கி, விதிவிலக்குப் பட்டியலோடு மாற்றும். விசைப்பலகை மாற்றாது. ஒருவர் கொம்பும் ளகரமும் தட்டினால், பரிந்துரைப் பட்டையில் ஔகார வடிவத்தைக் காட்டும், வேண்டுமென்றால் அவர் தொட்டுக்கொள்வார். ‘கெளம்பு’ என்று எழுதுபவருக்குத் தொந்தரவு இல்லை, பெயர் தட்டும் ஆசிரியைக்கு ஒரு கை உதவி. இரண்டு நிரலும் ஒரே பட்டியலைப் பார்த்து முடிவெடுக்கும் என்பதுதான் முக்கியம்.

அடுத்து வரப்போகும் விபத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது ஏற்கெனவே ரெப்போவில் இருக்கிறது. ஸ்ரீ. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். அச்சில் இரண்டும் அநேகமாக ஒன்றுபோலவே தெரியும். விசைப்பலகையின் நகல் ஸகரத்தைத் தருகிறது. பிழைதிருத்தியின் நகலில் போன வருடம் அட்டவணையை ஶகரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்காத கடை குறைவு, ஸ்ரீ இல்லாத பத்திரிகை அதைவிடக் குறைவு. எது வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

இதற்கெல்லாம் அடிப்படையாக ஒரு பொதுச் சோதனைக் கோப்பு எழுதி வைத்திருக்கிறேன். வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் என்ன வர வேண்டும் என்ற விடை. கெளம்பு, வெளக்கமாறு, ஒளறாதே, கெளுத்தி, தெளிவு, ஔவையார், இரண்டு வகை ஸ்ரீ, கொம்பும் காலும் தனித்தனியாக வந்த ‘கொ’. முதல் வரியில் அந்தப் பெண்ணின் பெயர் இரண்டு விதமாகவும் இருக்கிறது. சி மொழி தெரியாதவர்களும் இதில் வரி சேர்க்கலாம். தமிழ் ஆசிரியர்கள், அச்சகத்துக்காரர்கள், கதை எழுதுபவர்கள் எல்லோரிடமும் கேட்டு வாங்கலாம். இன்றைய தேதியில் விசைப்பலகையின் நகலும் பிழைதிருத்தியின் நகலும் இதில் வேறுவேறு வரிகளில் தோற்கின்றன. ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

இரண்டு ரெப்போவுக்கும் புல் ரிக்வெஸ்ட் தயாராக இருக்கிறது. பிழைதிருத்தியில் இருக்கும் நகல் எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பழைய வரலாற்றை வரிவரியாக ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவு ஆனது. கண்டுபிடித்த எண்ணை அந்த அடைவின் முதல் கோப்பில் எழுதியிருக்கிறேன். மற்றது எதுவும் ஒத்துவரவில்லை என்றாலும் அந்த ஒரு வரியை மட்டுமாவது மெர்ஜ் செய்துவிடுங்கள்.

வரும் ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குக் கல்மண்டபம் பக்கத்தில் நம் வழக்கமான மாடியில் இருப்பேன். இரண்டு குழுவிலிருந்தும் ஆளுக்கு இருவராவது வாருங்கள். பட்டியலில் கை வைத்த மூன்று பேரும் வர முடிந்தால் உரிமத்தை அங்கேயே முடித்துவிடலாம். வர முடியாதவர்கள் இஷ்யூவில் ‘சம்மதம்’ என்று எழுதினால் போதும். சம்மதம் இல்லை என்றால் ஏன் என்று எழுதுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் இரண்டு திட்டங்களின் பங்களிப்பாளன்
பழைய வண்ணாரப்பேட்டை